வேலியே பயிரை மேய்ந்தால்: இரைப்பையின் தன்னெதிர்ப்பு அழற்சி

எமது கல்லூரியிற் பல்லாண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருந்தகை ஒருவர், ஒருநாள் மாலைப் பூசையின்போது கோயிலிலே கண்களை மூடிக் கைகூப்பி நின்றவர், நின்றவாறே சாய்ந்து வீழ்ந்தார். அது மயக்கமன்று, தலைச்சுற்றுமன்று. கண் திறந்திருந்தவரை நேராக நின்ற கால்கள், கண் மூடியதும் நிற்கும் வகை அறியாது தடுமாறின. அருகில் நின்றோர் அவரைத் தாங்கி எழுப்பி, "வயது போய்விட்டது மாஸ்ரர், இனிப் பொல்லுப் பிடித்துத்தான் நடக்கவேண்டும்" என்று ஆறுதல் கூறினர். யாமும் அவ்வாறே எண்ணினோம்.

எமது எண்ணம் பிழையானது. அவ்வீழ்ச்சிக்குக் காரணம் முதுமையன்று. அதன் வேர் கால்களிலும் இருக்கவில்லை. அவருடைய இரைப்பையிலே பல்லாண்டுகளாக ஓசையின்றி நிகழ்ந்துவந்த ஓர் அழிவே அன்று கோயில் வாயிலில் வெளிப்பட்டது. இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, அந்த நல்லாசிரியருக்கு யாம் செலுத்தவேண்டிய கடனாக இப்பொருளையே எடுத்துக்கொண்டோம். மருத்துவம் பயிலாதோரும் விளங்கிக்கொள்ளத்தக்க முறையில் இதனைக் கூற முயல்வோம்.

இரைப்பையின் தொழில்

எண்சாண் உடம்பில் ஒரு சாண் வயிறு என்பது வழக்கு. அவ்வொரு சாணுக்குள் நிகழ்வதை மனிதன் கண்ணாற் கண்டறிந்த வரலாறு வியப்பானது. 1822 ஆம் ஆண்டில், வட அமெரிக்காவிலுள்ள மக்கினாக்குத் தீவில், அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் இளைஞனின் வயிற்றிலே தவறுதலாகத் துவக்குச்சூடு பட்டது. இராணுவ மருத்துவரான வில்லியம் போமன்ற் அவனை உயிர்தப்பச் செய்தார். ஆயினும், காயம் ஆறியபோது இரைப்பைக்குட் செல்லும் துவாரம் ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. அதனைச் சாளரமாகக் கொண்டு, நூலிற் கட்டிய உணவுத் துண்டுகளை உள்ளே விட்டும் வெளியே எடுத்தும், இரைப்பைச் சாற்றைப் புட்டியிலிட்டு ஆராய்ந்தும், போமன்ற் தாம் கண்டவற்றை 1833 இல் நூலாக வெளியிட்டார். சமிபாடு வெறும் அரைத்தற்றொழிலன்று, அமிலச் சாறு கொண்டு நிகழும் இரசாயனத் தொழிலுமாகும் என்பது அதனால் ஐயமற நிலைநாட்டப்பட்டது.

இரைப்பையின் உட்புறத்தை மூடியிருப்பது சீதமென்சவ்வு. அம்மென்சவ்வினுள் எண்ணற்ற நுண்சுரப்பிகள் புதைந்துள்ளன. இரைப்பையின் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்ள சுரப்பிகளிலே ஒருவகைக் கலங்கள் உள. அவற்றை இக்கட்டுரையில் அமிலக்கலங்கள் என வழங்குவோம். அவை இரு பொருள்களைச் சுரக்கின்றன. ஒன்று ஐதரோகுளோரிக்கமிலம். மற்றொன்று உட்காரணி எனப்படும் ஒரு புரதம்.

அமிலத்தின் பயன்களைப் பலரும் அறிவர். உணவுடன் வரும் கிருமிகளுட் பெரும்பாலானவற்றை அது கொல்லும். புரதங்களின் சமிபாட்டைத் தொடக்கிவைக்கும். அவற்றுடன், கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்சத்தக்க நிலைக்கு மாற்றுவதற்கும் அமிலம் வேண்டும். உட்காரணியின் பயன் ஒன்றே. ஆனால் அவ்வொன்று இன்றியமையாதது. விற்றமின் பி12 என்னும் உயிர்ச்சத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிறுகுடலின் கடைப்பகுதிவரை கொண்டுசெல்வதே அதன் பணி. அங்குள்ள வாயில், உட்காரணியாகிய துணையுடன் வரும் பி12 ஐயே தாராளமாக உள்ளே விடும். துணையின்றி வருவதில் நூற்றில் ஒரு பங்கு மாத்திரமே எவ்வாறோ கசிந்து உட்செல்லும்.

இவ்வுயிர்ச்சத்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அளவு மிகச் சிறிது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஏறக்குறைய இரண்டரைக் கூறு போதும். ஆயினும் அச்சிறுதுளி இல்லாவிடின், என்பு மச்சையிலே குருதிக்கலங்கள் முறையாகப் பிரிந்து முதிர்ச்சியடையா. நரம்புகளைச் சூழ்ந்துள்ள உறையும் சிதையும். ஈரலிலே பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பில் உண்டு. அதனாலேயே வரவு நின்றுபோன பின்னும் மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள்வரை குறை வெளியே தோன்றாது. பத்தாயத்து நெல் இருக்கும்வரை வயல் விளையாமை வீட்டாருக்குத் தெரியாதது போன்றதே இது.

நோயும் மருந்தும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பின்னர் அதனைத் தணிக்கும் வழியை அறிந்து செயற்படுமாறு முறை வகுத்தார். நாம் இங்கு எடுத்துக்கொண்ட நோயின் வரலாற்றிலோ அம்முறை மாறி அமைந்தது. நோய் முதலில் அறியப்பட்டது. மருந்து அதன்பின் வந்தது. காரணம் கடைசியிலேதான் புலப்பட்டது.

1849 இல் இலண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தோமஸ் அடிசன், காரணம் காண இயலாத ஒரு குருதிச்சோகையைப்பற்றி எடுத்துரைத்தார். நோயாளர் மெல்ல மெல்ல வெளிறினர்; உடல் மெலியாமலே வலுவிழந்தனர்; இறுதியில் இறந்தனர். 1872 இல் சூரிச்சு நகரப் பேராசிரியர் அன்ரன் பியர்மர் இதற்குக் "கேடு விளைக்கும் குருதிச்சோகை" என்னும் பொருள்படப் பெயரிட்டார். இதற்கிடையில், அமெரிக்க மருத்துவர் ஒஸ்ரின் பிளின்ற் 1860 இலும், இலண்டன் மருத்துவர் சாமுவேல் பென்விக் 1870 இலும், இந்நோய்க்கும் இரைப்பைச் சுரப்பிகள் நலிவடைவதற்கும் தொடர்புண்டு என எழுதினர். அவர்களுடைய கூற்று உண்மைக்கு மிக அண்மையிலிருந்தது. எனினும் அது உரிய கவனத்தைப் பெறவில்லை.

நோய் அறியப்பட்டு முக்காற் நூற்றாண்டு கழிந்தும் அதற்கு மருந்து கிடைக்கவில்லை. பின்னர், ஜோர்ஜ் விப்பிள் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், குருதியை வெளியேற்றிச் சோகையுறச் செய்த நாய்களுக்குப் பல்வேறு உணவுகளை அளித்துப் பார்த்தபோது, ஈரலே மிகுந்த பயன் தருவதைக் கண்டார். இதனை அறிந்த பொஸ்ரன் மருத்துவர்கள் ஜோர்ஜ் மைனற், வில்லியம் மேர்பி ஆகிய இருவரும் தம் நோயாளருக்கு நாடோறும் ஈரலை உணவாக அளித்தனர். 1926 இல் 45 நோயாளரைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர். சாவை எதிர்நோக்கியிருந்தோர் எழுந்து நடமாடினர். இவ்விருவருக்கும் விப்பிளுக்கும் 1934 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மைனற் தாமே கடும் நீரிழிவு நோயாளர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்ட இன்சுலின் மருந்தினால் உயிர்பிழைத்தவர். ஒருவர் கண்டுபிடித்த மருந்து மற்றொருவரை வாழவைக்க, அவர் வேறு பலரை வாழவைத்தார்.

இங்கு மாணவர்கள் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. விப்பிளின் நாய்களைத் தேற்றியது பெரும்பாலும் ஈரலிலிருந்த இரும்புச்சத்தே. மைனற்றின் நோயாளரைத் தேற்றியதோ ஈரலிலிருந்த பி12. இருவேறு சோகைகளுக்கு ஒரே உணவு மருந்தாயிற்று. விடை சரியாக வந்தது. செய்கை வழி வேறாயிருந்தது. கணக்கில் விடை மாத்திரம் சரியாயிருந்தாற் புள்ளி வழங்காத எமது ஆசிரியர் இதனைக் கேட்டிருப்பின் நகைத்திருப்பார்.

ஈரல் ஏன் பயன்பட்டது என்னும் வினாவை வில்லியம் காசில் என்னும் இளம் மருத்துவர் எழுப்பினார். நலமுள்ளோர் ஈரலைப் பெருமளவில் உண்ணாமலே சோகையின்றி வாழ்வதெவ்வாறு? அவர்களுடைய இரைப்பை ஏதோ ஒன்றைச் செய்யவேண்டும். நோயாளரின் இரைப்பை அதனைச் செய்யத் தவறவேண்டும் என அவர் கருதினார். நோயாளருக்குப் பத்து நாட்கள் மாட்டிறைச்சி மாத்திரம் அளித்தார், பயன் இல்லை. பின்னர்த் தாமே இறைச்சியை உண்டு, ஒரு மணிநேரத்தின்பின் அதனைத் தம் இரைப்பையிலிருந்து வெளிக்கொணர்ந்து, குழாய் மூலம் நோயாளரின் வயிற்றினுட் செலுத்தினார். சில நாட்களில் அவர்களுடைய குருதியிலே இளஞ்செங்கலங்கள் பெருகின. இவ்வாராய்ச்சியை அவர் 1929 இல் வெளியிட்டார். அருவருப்பை வென்ற அச்சோதனையினாலேயே, உணவிலுள்ள புறக்காரணி ஒன்றும் இரைப்பை சுரக்கும் உட்காரணி ஒன்றும் கூடினாலன்றிக் குருதி விளையாது என்பது தெளிவாயிற்று. அப்புறக்காரணியே 1948 இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் செந்நிறப் பளிங்குகளாகப் பிரித்தெடுக்கப்பட்ட விற்றமின் பி12. அதன் நடுவிலே கோபாற்று என்னும் உலோகத்தின் அணு ஒன்று அமர்ந்திருக்கும் அமைப்பை, ஒக்ஸ்போட்டுப் பேராசிரியை டொறதி ஹொட்ஜ்கின் 1956 இல் வெளிப்படுத்தினார். 1964 இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காரணம் புலப்பட்ட விதம்

உட்காரணி ஏன் இல்லாமற்போகிறது? அமிலக்கலங்களை அழிப்பது யாது? இவ்வினாவுக்கு விடை தாமதமாக வந்தமைக்கு ஒரு பழைய கொள்கையும் காரணமாகும். ஜேர்மானிய அறிஞர் பால் எர்லிக், உடல் தன்னைத்தானே தாக்குவதற்கு அஞ்சும் என்னும் கருத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கூறினார். இச்சோகையில் என்பு மச்சையினின்று தோன்றும் பருத்த, முதிராக் குருதிக்கலங்களை 1880 இல் விவரித்தவரும் அவரே. தாம் கண்ட நோயே தமது கொள்கைக்கு விலக்காக அமையும் என்பதை அவர் அறியார்.

1956 இல் அக்கொள்கையிற் பெரும் உடைப்பு ஏற்பட்டது. இலண்டனில் ஐவன் றொயிற், டெபொறா டொனியாக் முதலியோர், கழுத்திலுள்ள கேடயச்சுரப்பியின் ஒருவகை அழற்சியில் நோயாளரின் குருதியே அச்சுரப்பிக்கு எதிரான பொருள்களைக் கொண்டிருப்பதைக் கண்டனர். அமெரிக்காவில் ஏர்ணஸ்ட் விற்றெப்ஸ்கி, நோயல் றோஸ் ஆகியோர் முயல்களில் அத்தகைய அழற்சியைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினர். 1960 களின் தொடக்கத்தில், கேடு விளைக்கும் சோகையுற்றோரின் குருதியிலே அமிலக்கலங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகளும், உட்காரணிக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் காணப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மறைந்திருந்த காரணம் வெளிவந்தது.

அது யாதெனின், உடலைக் காக்கும் நிர்ப்பீடன வலுவே உடலின் உறுப்பொன்றைப் பகையென மயங்கித் தாக்குவதாகும். கிருமிகளை எதிர்க்கவேண்டிய வெண்குழியங்களுள் ஒருவகையின, அமிலக்கலங்களிலே அமிலத்தை வெளியேற்றும் பம்பி போன்ற புரதத்தைக் குறிவைக்கின்றன. அப்புரதமே தாக்குதலுக்கு இலக்கென்பது 1980 களின் பிற்பகுதியிற் கண்டறியப்பட்டது. வெண்குழியங்கள் மென்சவ்வினுட் புகுந்து திரள, நெடுங்கால அழற்சி தொடங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அமிலக்கலங்கள் அருகும், சுரப்பிகள் மறையும், மடிப்புகள் நிறைந்து தடித்திருக்கவேண்டிய மென்சவ்வு மெலிந்து மழுங்கும். பயிரைக் காக்க அடைத்த வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நம் முன்னோர் கூறிய பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் கிடைத்தல் அரிது.

எல்லா இரைப்பை அழற்சியும் இவ்வகையினவல்ல. 1973 இல் ஸ்ட்ரிக்லன்டு, மக்கே என்னும் இருவர் நாட்பட்ட இரைப்பை அழற்சியை இருவகையாகப் பிரித்தனர். தன்னெதிர்ப்பினால் விளைவது ஒருவகை. இரைப்பையின் மேற்பகுதியையும் நடுப்பகுதியையும் தாக்கி, கீழ்ப்பகுதியை விட்டுவிடுவது. மற்றைய வகை பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலே தோன்றுவது. இரண்டாவது வகைக்குப் பெருங்காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் சுருள்வடிவப் பற்றீரியா என்பதை, அவுஸ்திரேலியாவின் பேர்த்து நகரில் றொபின் வாரன், பரி மார்சல் ஆகியோர் 1982 முதல் ஆராய்ந்து நிறுவி, 2005 இல் நோபல் பரிசு பெற்றனர். நம் ஊரிலே நெஞ்செரிவு, வயிற்றெரிவு யாவற்றையும் "கஸ்ரைற்றிஸ்" என்று ஒரே பெயரால் அழைக்கும் வழக்கமுண்டு. தன்னெதிர்ப்பு அழற்சியிலோ எரிவதற்கு அமிலமே இல்லை. பலருக்கு வயிற்றில் யாதொரு துன்பமும் தோன்றாது. சிலருக்கு உண்டபின் வயிறு நிறைந்தாற்போன்ற மந்தம் மாத்திரம் உண்டாகும். அதற்கு அமிலத்தைக் குறைக்கும் குளிசையை நாமாகவே வாங்கி விழுங்குவோமாயின், இல்லாத பகைவன்மீது அம்பு எய்தவராவோம்.

உடலிற் காணும் குறிகள்

இந்நோய் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தோரிடம் மிகுதியாக வெளிப்படும். ஆண்களிலும் பெண்களிடையே கூடுதலாகக் காணப்படும். வட ஐரோப்பிய மக்களுக்கே உரியதென ஒருகாலத்தில் எண்ணப்பட்டது. அவ்வெண்ணம் பிழை; எல்லா இனத்தவரிடமும் இஃது உண்டு. கேடயச்சுரப்பியின் தன்னெதிர்ப்பு நோய், இளமையிலே தோன்றும் நீரிழிவு, தோலில் வெண்படை ஆகியவற்றை உடையோரிடத்தும், அவர்தம் குடும்பத்தாரிடத்தும் இதனை எதிர்பார்த்தல் வேண்டும்.

முதலில் அமிலம் குறைவதால் இரும்பின் அகத்துறிஞ்சல் குன்றும். ஆதலின், இளவயதுப் பெண்களிலே, பி12 குறைவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, மருந்துக்கு இணங்காத இரும்புக்குறைச் சோகையாக இந்நோய் தோன்றலாம். இரும்புக் குளிசைகளை மாதக்கணக்கில் உட்கொண்டும் குருதி ஏறாவிடின், குளிசையை மாற்றுவதோடு நில்லாது இரைப்பையை நோக்குதல் அறிவுடைமை.

பின்னர் ஈரலின் சேமிப்புத் தீரும்போது பி12 குறையின் குறிகள் தோன்றும். முகம் வெளிறிச் சற்றே மஞ்சள் படரும். படியேறினால் மூச்சு வாங்கும். நாக்கு சிவந்து, மொழுமொழுப்பாகி, உறைப்புப் பட்டால் எரியும். கால்விரல்கள் விறைத்துக் கூச்சமெடுக்கும். முண்ணாணின் பின்புற நரம்பிழைகள் சிதைவதால், கால் எங்கே ஊன்றியுள்ளது என்னும் செய்தி மூளைக்குச் சென்றடையாது. பகலிலே கண் அக்குறையை ஈடுசெய்யும். இருளிலோ, கண் மூடியபோதோ, உடல் தள்ளாடும். எமது ஆசிரியர் கோயிலிலே வீழ்ந்ததன் இரகசியம் இதுவே. ஞாபகமறதியும், மனச்சோர்வும், சினமும் சிலரிடம் மிகும்.

இன்னுமொரு விளைவுண்டு. அமிலம் குறைவதை உணர்ந்த இரைப்பையின் கீழ்ப்பகுதி, அமிலத்தைத் தூண்டும் காஸ்திரின் என்னும் ஓமோனை மேலும் மேலும் சுரக்கும். கேட்பதற்கு அமிலக்கலங்கள் இல்லை. ஆயினும் அக்கட்டளை ஓயாது ஒலிக்கும். அதனால் அயலிலுள்ள வேறொருவகைக் கலங்கள் பெருகி, சிலரிடத்துச் சிறுகட்டிகளாக வளரும். அவை பெரும்பாலும் மெல்ல வளர்வன, தீமை குறைந்தன. எனினும் இரைப்பைப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பும் இந்நோயாளரிடம் ஓரளவு கூடுதலாதலின், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவர் கூறும் காலத்தில் அகநோக்குக்குழாய் கொண்டு இரைப்பையைப் பரிசோதித்தல் நன்று.

எமது ஆசிரியருக்கு நேர்ந்தது

கோயிலில் வீழ்வதற்கு ஓராண்டின் முன்னரே அவர் வெளிறிச் சோர்ந்திருந்தார். ரசம் உண்டால் நாக்கு எரிகிறதென்று கூறுவார். மரக்கறி உணவினர் ஆதலின், "சத்துப் போதாது" என்று வீட்டாரும் அயலாரும் தீர்மானித்தனர். யாவரும் புகழ்ந்த சத்துக் குளிசை ஒன்று வாங்கப்பட்டது. அதில் இரும்பும் ஃபோலிக்கமிலமும் இருந்தன. இரண்டு மாதத்துள் முகம் தெளிந்தது, மூச்சுவாங்கல் நின்றது. யாவரும் மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சியே பெருந்தவறாயிற்று. ஃபோலிக்கமிலத்தின் வரலாறும் நம் அயல்நாட்டோடு தொடர்புடையது. 1928 முதல் பம்பாயிலே கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி, அதனை நொதிச்சாற்றினால் தீர்க்கலாமெனக் கண்டார். அச்சாற்றில் மறைந்திருந்த பொருளே ஃபோலிக்கமிலம். சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக் குழுவினர் 1945 இல் அதனைச் செயற்கையாக ஆக்கினர். பல்லாயிரம் தாய்மாரையும் சேய்களையும் காத்த நன்மருந்து அது. ஆனால் பி12 குறையுள்ளவருக்கு அதனை மாத்திரம் அளித்தால், குருதி ஓரளவு தேறும். நரம்பின் சிதைவோ நில்லாது தொடரும். வெளிறிய முகம் தந்த எச்சரிக்கையை மருந்து மறைத்துவிடும். 1940 களின் இறுதியிலேயே மருத்துவ உலகு கற்றுக்கொண்ட இப்பாடத்தை யாம் எமது ஆசிரியரின் கால்களில் மீண்டும் கற்றோம்.

வீழ்ச்சியின் பின் அவரைப் பார்த்த மருத்துவர், உணவுமுறையைக் கேட்டறிந்தார். தாவர உணவிலே பி12 இல்லை என்பதும், அதனை ஆக்குவன நுண்ணுயிர்களே என்பதும், பாலும் தயிரும் உண்ணும் மரக்கறியினருக்கு அவற்றிலிருந்தே அது கிடைக்கிறது என்பதும் அவர் எமக்குச் சொல்லித் தெரிந்தவை. பால், தயிர் ஆகியவற்றையும் விலக்குவோர் வேறுவகையில் அதனைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். ஆனால் அம்மருத்துவர் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. "ஒரே அடுக்களையில் நாற்பது ஆண்டு உண்ட உங்கள் பாரியாருக்கு இந்நோய் இல்லையே" என்று வினவினார். பாரியாரின் குருதியும் பரிசோதிக்கப்பட்டது, அதிற் குறையில்லை. உணவு ஒன்றாயிருந்தும் ஒருவரிடம் மாத்திரம் குறை தோன்றின், உண்பதிலன்று, உறிஞ்சுவதிலேயே பிழை இருத்தல் வேண்டும். கணித ஆசிரியர் அவ்வாதத்தைக் கேட்டு, அந்நிலையிலும் முகம் மலர்ந்தார் என்பர்.

குருதியிலே பி12 மிகக் குறைந்திருந்தது. உட்காரணிக்கு எதிரான பிறபொருளெதிரி காணப்பட்டது. அகநோக்குக்குழாய் கொண்டு இரைப்பையின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி ஆகியவற்றிலிருந்து தனித்தனியே எடுக்கப்பட்ட மென்சவ்வுத் துணுக்குகள், நுணுக்குக்காட்டியின் கீழ் மேற்பகுதியின் அழிவையும் கீழ்ப்பகுதி தப்பியிருப்பதையும் காட்டின. பி12 ஊசி தொடங்கிச் சில வாரங்களில் நாக்கின் எரிவு நீங்கியது, சோர்வு அகன்றது, கால்விரல்களின் கூச்சமும் குறைந்தது. ஆயினும் பொல்லு அவர் கையைவிட்டு அகலவில்லை. நெடுநாட் சிதைந்த நரம்பு முற்றாக மீள்வதில்லை. முகம் வெளிறிய அந்நாளிலேயே ஒரு துளி குருதியைப் பரிசோதித்திருப்பின், அவர் இறுதிவரை தம் கால்களாலேயே கோயிலை வலம் வந்திருப்பார்.

அறிதலும் பேணலும்

இரைப்பையின் தன்னெதிர்ப்பு அழற்சியை அடியோடு நீக்கும் மருந்து இன்றும் இல்லை. அழிந்த அமிலக்கலங்களை மீட்பதற்கும் வழியில்லை. ஆயினும் அவ்வழிவினால் வரும் குறையை முற்றாக நிரப்பலாம். தொடக்கத்தில் அடிக்கடியும், பின்னர் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், ஆயிரம் மைக்கிரோகிராம் அளவில் பி12 ஊசி இடுவது பரவலான வழக்கம். துணையின்றியும் நூற்றில் ஒரு பங்கு கசிந்து உட்செல்லும் என முன்னர்க் கூறினோம். அதனைப் பயன்படுத்தி, நாடோறும் மிகப்பெரிய அளவிற் குளிசையாக அளிப்பதும் பலருக்குப் பயன்படுகிறது. எதனை, எவ்வளவு, எக்காலம் என்பதை மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும். வாழ்நாள் முழுதும் தொடரவேண்டிய சிகிச்சை இஃது என்பதை நோயாளர் மறத்தலாகாது. சுகம் வந்துவிட்டதென்று ஊசியை நிறுத்துவோர், ஈரலின் சேமிப்புத் தீர்ந்த ஒருநாளில், தொடங்கிய இடத்திற்கே திரும்புவர்.

நீரிழிவுக்கு மெற்போமின் மருந்தையோ, அமிலத்தைக் குறைக்கும் மருந்தையோ பல்லாண்டு உட்கொள்வோருக்கும் பி12 குறையலாம். அவர்களும் தம் மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்டறிதல் நன்று. மருந்தைத் தாமாக நிறுத்துதல் தகாது.

இக்கட்டுரையின் பொருளை ஒரு சொல்லிற் கூறுவதாயின், குறி வேறு, நோய் வேறு, நோயின் காரணம் வேறு என்பதே. வெளிறிய முகம் ஒரு குறி. சோகை ஒரு நோய். அதன் காரணம் கண்ணுக்குத் தெரியாத இரைப்பைச் சுவரிலே உறைகின்றது. குறியை மறைத்துவிட்டு நோய் தீர்ந்ததென மகிழ்வோர், விடையை மாத்திரம் பார்த்து எழுதும் மாணவரை ஒப்பர். அடிசன் கண்ட நோயின் காரணத்தை அறிய உலகிற்கு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று அதனை அறிவதற்கு ஒரு சிறு புட்டி குருதியும், கேட்கத் தெரிந்த ஒரு மருத்துவரும் போதும்.

எம்முடன் பயின்ற பழைய மாணவர்கள் பலர் இன்று அறுபதைக் கடந்துள்ளனர். அவர்தம் பெற்றோரும், அவர்களுக்குக் கற்பித்தோருட் சிலரும் எண்பதைக் கடந்து நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் சோர்வையும், நாவெரிவையும், கால் விறைப்பையும், இருளிலே தள்ளாட்டத்தையும் காணும்போது, "வயது போய்விட்டது" என்னும் எளிய விடையோடு அமையாதிருப்போமாக. படிகளை எழுதிக் காட்டாத விடைக்கு எமது ஆசிரியர் ஒருநாளும் சரி அடையாளம் இட்டதில்லை. அவர் எமக்கு இறுதியாகக் கற்பித்த பாடமும் அதுவே.